நூறு டிகிரி வெயிலில் ஹீட்டர்

ஜூலை 20, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஜனெல்லுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் பூமியின் அந்தத் தெற்குக் கோடியில், ஜூலை மாதத்துக் கடலோரக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் சாப்பாட்டு மேஜையில் எங்கள் பேச்சு. நாங்கள் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து உருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீ அங்கே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புகிறாய் என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. போன மாதம் 28ஆம் தேதி இங்கே ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்தது. தக்காளி தப்பித்தது, முட்டைக்கோசு இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. பக்கத்து வீட்டு லொரெட்டா தன் கார் கூரையில் விழுந்த பள்ளங்களை எண்ணி எண்ணி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாற்பத்தொன்றாம். கோதுமை நன்றாக நிற்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த முறை போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் வண்டி விஷயம். ஹீட்டர் வெறும் குளிர்காற்றாக ஊதுகிறது என்று எழுதியிருந்தாய். யாரிடமும் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் நீயே பார்த்துவிடு, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவளுக்கு இது ஒரு பெரிய வேலையா. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திற, சூடாக இருக்கும்போது கை வைத்தால் முகம் வெந்துவிடும், சொல்லிவிட்டேன். உள்ளே தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் ஹீட்டருக்குச் சூடு வந்து சேராது, பாதி ஹீட்டர் கோளாறு இதுதான். மட்டம் சரியாக இருக்கிறதென்றால் அரை மணி நேரம் ஓட்டி எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டு, எஞ்சினிலிருந்து டாஷ்போர்டு பக்கம் போகிற இரண்டு சின்ன ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார். இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, சின்னச் சாமான், மாற்றிவிடலாம். ஒன்று சுட்டு மற்றது சில்லென்றிருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு. இரண்டும் சுட்டும் உள்ளே குளிர்காற்றுதான் வருகிறதென்றால், சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் திரும்புகிற ஒரு சின்னக் கதவு டாஷ்போர்டுக்குள் இருக்கிறது, அது சிக்கியிருக்கும். கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்து தித்திப்பாக ஒரு வாசம் வந்தால் அதோடு நிறுத்து, ஓட்டாதே, ஹீட்டர் உள்ளுக்குள்ளே ஒழுகுகிறது. ஒழுகலுக்கு மிளகுத்தூள் போட்டால் நிற்கும் என்று அங்கேயும் எவனாவது சொல்வான், காதில் வாங்காதே. என் மாமா ஒரு பொட்டலம் கொட்டினார், ஒழுகலும் நின்றது, ஹீட்டரும் நின்றது, அந்தக் குளிர்காலம் முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். நம் ஊர் மாதிரி பனிக்காற்று எஞ்சினை ஆற்றிவிடாமல் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மறைக்கிற அளவுக்கெல்லாம் அங்கே குளிர் கிடையாது, அந்த யோசனை உனக்கு வேண்டாம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் அன்று போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். அன்றைக்கு நான் உன்னிடம் அங்கே இப்போது மணி என்ன என்று மூன்று தடவை கேட்டேனாம், அதற்குப் பிறகு நீ மெதுவாக, அப்பா, பிஸ்மார்க் வரைக்கும் இன்னும் நீங்களேதான் ஓட்டணுமா, வேற யாராவது அம்மாவைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. முப்பத்துநாலு வருஷம் இந்த கவுண்டி ரோட்டுல பனி வழிக்கிற வண்டி ஓட்டினவன்கிட்ட கேக்குற கேள்வியா இது என்று கத்திவிட்டு போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் நான் அதை விடவில்லை, மூன்று மாதமாக எனக்குள்ளேயே உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உனக்கே தெரியும், அம்மாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தில் தெரிவது மட்டும்தான் மிச்சம். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை கண்ணில் ஊசி போட்டால் அந்த மிச்சம் நிற்கும், விட்டால் அதுவும் போகும். பிஸ்மார்க் கண் ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு மைல் போக, தொண்ணூறு மைல் வர, பஸ் கிடையாது. நான் ஓட்டினால்தான் அவள் கண். நான் ஓட்டக் கூடாதவன் என்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் நாங்கள் இருப்பதற்கே வழியில்லை. அதனால்தான் அப்படிக் கத்தினேன். நீ கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுதுகிறேன், ஆனால் பதில் என் பிக்கப்பின் ஏ.சி.யில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் ஏ.சி. கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஜூன் கடைசியில் சூடு ஏறியதும் முதல் தடவையாக ஏ.சி.யைப் போட்டேன். இரண்டு நிமிஷம் குளிர்ந்தது, அப்புறம் வெறும் காற்று, அப்புறம் சூடான காற்று. நான் முறையாகத்தான் பார்த்தேன் ஜனெல், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. விசிறி பலமாக ஊதியது, அதனால் எலி கூடு கட்டவில்லை என்று தெரிந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. கம்ப்ரஸர் க்ளிக் என்று பிடித்து, பத்து எண்ணுவதற்குள் மறுபடி விட்டது, மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. காஸ் குறைந்தால் அப்படித்தான் செய்யும். இருபத்தெட்டு வயது வண்டி, ரப்பரெல்லாம் கிழடாகியிருக்கும், கசிந்திருக்கும் என்று நினைத்து ஒரு டப்பா காஸ் வாங்கி ஏற்றினேன். ஏற்றினதும் முன்னைவிட மோசமாகிவிட்டது. எஞ்சின் சூட்டு முள்ளும் நடுவில் நிற்காமல் ஒரு மயிரிழை மேலே நின்றது. அதை நான் பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டு, மீட்டருக்கு வயசாயிடுச்சு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். மீட்டருக்காம்.

அதற்கு அடுத்த வாரம் டுவேன் கராஜுக்குக் கொண்டுபோனேன், உன்னோடு பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தானே ஷாட்ஸ் வீட்டுப் பையன், இப்போது தலையெல்லாம் வழுக்கை, அவனுடைய கராஜ். குழாய்களை மாட்டி அழுத்தம் பார்த்தான். பார்த்துவிட்டு, எல்ராய், காஸ் அதிகமா இருக்கு, கொஞ்சம் இறக்கிடறேன், ஆனா அது மட்டும் இல்ல, சூட்டை வெளிய தள்ற எடத்துல காத்துப் போக்கு இல்லாத மாதிரி அழுத்தம் ஏறுது, முன்னாடி ஏதாவது மறைச்சிருக்கா, அட்டைய எடுத்துட்டீங்க இல்ல என்று கேட்டான். அவன் கேட்டது இதுதான், வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா. டேய், நீ டயர் மாட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் அட்டை வெச்சு எடுத்துட்டு இருக்கேன், ஏப்ரல்ல எடுத்தாச்சு, உன் வேலையப் பாரு என்று சொன்னேன். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள், டுவேன் முகம் சிவந்துவிட்டது. அதற்கு மேல் அவன் குனிந்து பார்க்கவில்லை, பார்த்தால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடும் இல்லையா. அப்படின்னா ரேடியேட்டர் முன்னாடி இருக்கிற ஏ.சி. கண்டென்சருக்குள்ளேயே அடைப்பு இருக்கும், புதுசு வரவழைக்கறேன், பதினஞ்சாம் தேதி வந்துடும், அதுவரைக்கும் தூரம் போகாதீங்க என்றான். சரி சரி என்று வந்துவிட்டேன்.

அட்டையை நான் எடுத்தது எனக்கு அவ்வளவு நன்றாக நினைவிருந்தது, அதுதான் உனக்குப் புரிய வேண்டும். பொய் சொல்லவில்லை. ஏப்ரல் வெயில், வாசல் ஓரத்தில் உருகுகிற பனி, வண்டி முகப்பில் இருக்கிற கம்பி கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை இழுத்தது, பின்பக்கம் தேதி எழுதினது எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்த அட்டை உனக்கும் ஞாபகம் இருக்கும். கழிப்பறைக் காகிதம் வந்த பெட்டியை வெட்டி வைத்திருந்தேன், அந்த எழுத்து கிரில் வழியாகத் தெரிகிறது, கோயில் வாசல்ல எல்லாரும் படிச்சுட்டுப் போறாங்க என்று அம்மா மானம் போனது போல் பேசியதால் முன்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். அடித்ததிலிருந்து கிரில்லுக்குப் பின்னால் அது இருப்பதே தெரியாது. பின்பக்கம் பழுப்பாகவே விட்டிருந்தேன், ஒவ்வொரு வருஷமும் உள்ளே வைத்த தேதி, வெளியே எடுத்த தேதி என்று தச்சன் பென்சிலால் எழுதி வைப்பேன். இதற்கு முன்னால் இருந்த பழைய அட்டையில் எழுதும்போது, எதற்காக எழுதுகிறீங்க என்று நீ சின்ன வயதில் கேட்டதற்கு, அடுத்த வருஷம் எப்ப வைக்கறதுன்னு தெரியறதுக்கு என்று சொன்னது கூட நினைவிருக்கிறது. பழசெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஊசிக்கு 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். டுவேன் தூரம் போகாதீங்க என்று சொன்னது என் காதில் இருந்தது, ஆனால் ஊசியைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. லொரெட்டா நான் அழைச்சுட்டுப் போறேனே என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள், நீ போடற பிரேக்குல என் பொண்டாட்டிக்குக் கழுத்து ஒடிஞ்சுடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காலையில் போகும்போது குளுமையாக இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை, பார்த்தாயா என்று அம்மாவிடம் பெருமை வேறு. திரும்பும்போது மூன்று மணி, நூறு டிகிரி, எதிர்க்காற்று. ஊசி போட்ட கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தாள். ஏ.சி. பத்து மைல்கூடத் தாங்கவில்லை, சூடாக ஊதியது, நிறுத்தினேன், ஜன்னலை இறக்கினேன். அதற்குப் பிறகு எஞ்சின் முள் ஏற ஆரம்பித்தது. ஏறி ஏறிச் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு மரம் கிடையாது. எஞ்சினைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதைத்தான் செய்தேன் ஜனெல். நூறு டிகிரி வெயிலில், அப்போதுதான் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் முகத்துக்கு நேராக ஹீட்டரை முழு வேகத்தில் போட்டேன். முதலில் அவள் சிரித்தாள். கல்யாணம் ஆகி அம்பத்தோரு வருஷமா அரைவேக்காடா விட்டிருந்தே, இன்னிக்கு முழுசா வேக வெச்சுடலாம்னு பாக்கறியா என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் பேச்சு நின்றுவிட்டது. ஆர்லிஸ், ஆர்லிஸ் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், ம் என்றாள், மூன்றாவது தடவைக்கு அந்த ம் கூட வரவில்லை.

அடுத்த சின்ன ஊரில் தானியம் கொட்டி வைக்கிற உயரக் கோபுரத்தின் நிழல் ரோட்டு ஓரம் விழுந்திருந்தது, அதற்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் முகம் சிவந்து காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஊரில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் வயலில். கோபுரத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது, துண்டை நனைத்துக்கொண்டு ஓடி வந்தேன், எழுபத்தாறு வயதில் ஓடினேன் என்றால் பார்த்துக்கொள். கழுத்தில், மணிக்கட்டில், தலையில் எல்லாம் தண்ணீர் விட்டேன். பயந்துவிட்டேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பத்து நிமிஷத்தில் உன் அம்மா கண்ணைத் திறந்து, சட்டையெல்லாம் ஈரமாக்கிட்டே, இது புதுச் சட்டை என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது, வண்டியின் பின்பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

தண்ணீர் குடித்துக் கொஞ்சம் தெம்பானதும் அவள் இறங்கி நிற்க வேண்டும் என்றாள். வண்டிக்கு முன்பக்கம்தான் நல்ல நிழல், அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை நான் அணைக்கவில்லை, முள் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஓடட்டும், தண்ணீர் சுற்றட்டும் என்று விட்டிருந்தேன். உன் அம்மாவைப் பற்றித் தெரியாதா, பாவம் இதுவும் கொதிக்குது என்று சொல்லிக்கொண்டு, தன் தலையில் இருந்த ஈரத் துண்டை எடுத்து, குதிரைக்கு நெற்றியில் போடுகிற மாதிரி வண்டியின் கிரில் மேல் விரித்தாள். உள்ளே விசிறி இழுக்கிற காற்றில் துண்டின் மேல் பாதி கிரில்லோடு சப்பென்று ஒட்டிக்கொண்டது. கீழ்ப் பாதி ஒட்டவில்லை, சும்மா ஆடிக்கொண்டு தொங்கியது. அவளுக்கு அது கண்ணில் தெரிந்திருக்காது, கையில் தெரிந்தது. எல்ராய், மேல இழுக்குது, கீழ இழுக்கலையே என்றாள். நான் குழாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னேன். அவள் துண்டை எடுத்துவிட்டு கிரில் கம்பிகளுக்கு நடுவில் விரலை விட்டாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, அட்டை இன்னும் இருக்கே எல்ராய் என்றாள்.

அந்த நேரத்தில் நான் சொன்ன முதல் வார்த்தையை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டுவேன் பய வெச்சுட்டான் என்றேன். கடையில் எல்லார் முன்னாடியும் அவனை மட்டம் தட்டினதுக்குப் பழி வாங்கிட்டான், நாளைக்கே போய் அவன் சட்டையப் புடிக்கறேன் பாரு என்று கத்தினேன். அப்படி நான் நம்பினேன் ஜனெல், சத்தியமாக நம்பினேன். நான் எஞ்சினை அணைத்து, விரல் வெந்தாலும் பரவாயில்லை என்று கையை விட்டு அட்டையை இழுத்தேன். இழுத்துப் பின்பக்கம் திருப்பினேன். ஒன்பது குளிர்காலம். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று எட்டு வரி ஜோடியாக, எல்லாம் என் கையெழுத்து. ஒன்பதாவது வரியில் உள்ளே, நவம்பர் 6 என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எட்டு ஏப்ரல் எடுத்திருக்கிறேன், அதில் ஏதோ ஒன்றைத்தான் இந்த ஏப்ரல் என்று என் மண்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. நீ அந்தக் கேள்வியைக் கேட்ட அதே ஈஸ்டர் வாரத்தில்தான் நான் அதை எடுத்திருக்க வேண்டும்.

என்ன எழுதியிருக்கு என்று அம்மா கேட்டாள். படித்துச் சொன்னேன். அவள் என் தோளைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்ச நாளாவே தெரியும் என்றாள். காபிப் பாத்திரம் ரெண்டு தடவை அடுப்புல கரிஞ்சது, ஃபிரிட்ஜுக்குள்ள உன் மூக்குக் கண்ணாடி இருந்தது, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சு நீ மறைச்சே, எனக்கு மூக்கும் கையும் இருக்கு இல்ல என்றாள். ஏன்டி சொல்லல என்று கேட்டேன். நீ ஓட்டாம போனா என்ன ஆகும்னு எனக்கும் பயம்தான் என்றாள். ரோட்டு ஓரத்தில், அந்தக் கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கிழடுகளும் எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கடைசியில் அவள்தான், சரி விடு, எனக்குப் பார்வை போகுது, உனக்கு ஞாபகம் போகுது, ரெண்டு பேரையும் ஒண்ணாக் கட்டினா ஒரு ஆள் தேறும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அட்டையைப் பின்னால் போட்டுவிட்டுக் கிளம்பினோம். முள் அப்படியே இறங்கி நடுவில் வந்து நின்றது. பயந்து பயந்து ஏ.சி.யைப் போட்டேன், ஐந்து மைலுக்குள் குளிர் அடிக்க ஆரம்பித்தது, டுவேன் காஸை அவ்வளவு சரியாக விட்டிருந்தான். வீடு வருவதற்குள் அம்மா கையைத் தேய்த்துக்கொண்டு, கொஞ்சம் குறை, விறைக்குது என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ஏ.சி. அவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அந்த மீதித் தூரம் முழுக்க நான் ஐம்பதைத் தாண்டவில்லை, ஒவ்வொரு திருப்பத்தையும் அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள், கண் தெரியாதவள் வழி சொல்ல நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் டுவேன் கடைக்குப் போனேன், அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரில் ஒருவன் அங்கேயே இருந்தான், நல்லதாகப் போயிற்று. அட்டையை மேஜை மேல் வைத்து, நீ கேட்டது சரிதான்டா, நான்தான் மறந்துட்டேன், எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசினதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன் என்றேன். அவன் அட்டையைத் திருப்பித் தேதிகளையெல்லாம் படித்தான். நான் குனிஞ்சு பாத்திருக்கணும் எல்ராய், என் மேலயும் தப்பு இருக்கு, உங்க சொல்லுக்கு மேல பாக்கறதான்னு விட்டுட்டேன் என்றான். புது கண்டென்சரைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கேளாமலே எண்ணெய் மட்டமெல்லாம் பார்த்துக் கொடுத்தான். நல்ல பையன்.

வேறு செய்தி என்றால், போன மாதம் 28ஆம் தேதி இங்கே பெரிய ஆலங்கட்டி மழை பெய்தது. தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை, முட்டைக்கோசு இலைதான் சல்லடை சல்லடையாகப் போய்விட்டது. லொரெட்டா காரில் நாற்பத்தொரு பள்ளமாம்.

இதுவரை எழுதினதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆலங்கட்டி மழையை ஏற்கெனவே மேலே எழுதிட்டே என்றாள். பார்த்தேன், முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அடிக்காதே, அப்படியே இருக்கட்டும், அவளுக்குத் தெரியணும் என்றாள். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் மகளே. இல்லை, பிஸ்மார்க் வரைக்கும் இனி நான் ஓட்டப் போவதில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி ஊசிக்கு லொரெட்டா கூட்டிக்கொண்டு போகிறாள், நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பிக்கப்பை விற்கவில்லை, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும், அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும். செப்டம்பர் 9ஆம் தேதி டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியாகிவிட்டது, அவர் அதையும் கூடாது என்றால் அதுவும் கூடாதுதான். வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாயே, முடிந்தால் அந்தச் செப்டம்பரிலேயே வா. வா என்று நான் உன்னை இதுவரைக்கும் கேட்டதில்லை, உன் வேலை, உன் வாழ்க்கை என்று விட்டிருந்தேன். இப்போது கேட்கிறேன். எல்லாம் நினைவில் இருக்கிற அப்பாவோடு நீ கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஈஸ்டர் அன்று உன்னிடம் கத்தினதை மன்னித்துவிடு. நீ சரியாகத்தான் கேட்டாய், டுவேன் மாதிரியே.

அட்டையின் ஒன்பதாவது வரியில் மீதியை நான் எழுதவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா பென்சிலைக் கேட்டு வாங்கி, முகத்தை ஓரமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, வெளியே, ஜூலை 11 என்று கோணலாக, என் இரண்டு வரிக்கு மேலேயே ஏறுகிற மாதிரி பெரிசாக எழுதினாள். நம் வீட்டுக் கராஜ் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ரேடியேட்டர் மூடியை ஆறின பிறகுதான் திறக்க வேண்டும். ஆண்டவர் உன் வழியெல்லாம் கூடவே இருக்கட்டும், அம்மா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், இதோ.

எப்போதும் கடைசியில் நான் உனக்கு ஏதாவது ஞாபகப்படுத்துவேன், இந்தத் தடவை நீ எனக்கு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, அப்பா, அட்டையை வைங்க என்று சொல். ஏப்ரல் நடுவில் இன்னொரு தடவை பண்ணி, எடுங்க என்று சொல். எப்பவோ எடுத்தாச்சு என்று நான் சொல்வேன், உறுதியாகச் சொல்வேன், கோபம்கூட வரும். நம்பாதே. போனை வைக்காமல் அம்மாவைக் கூப்பிடு, அவள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்
அப்பா,
எல்ராய் வெட்டர்